பெண் அழுகை – ஏழு

"வார்த்தை வேண்டாம்னு சொன்னேன்லம்மா, நீங்க மறுபடியும்..."

"வார்த்தை இல்லாம அழறதுக்கு என்னை எதுக்கு சார் கூப்பிட்டீங்க? தெருவுல ரெண்டு நாயைப் பிடிச்சு..."

"ஒரு நிமிஷம், நான் சொல்றதை முழுசா..."

"...பிடிச்சுக் கட்டி வச்சா, அதுபாட்டுக்கு ஊளை விட்டுட்டுப் போகுது!"

இரண்டு குரலும் ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி விழுந்தன. அந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் பொத்தானை அழுத்திப் பேசினால், இந்தப் பக்கம் மைக்குக்கு முன்னால் நிற்கிறவள் பேசுவது அங்கே கேட்காது. ஆனால் அழுகையக்காவுக்கு இது முப்பத்திரண்டாவது வருஷம். பொத்தான் ஏறி இறங்கும் இடைவெளியில் முக்கால் வாக்கியத்தைச் செருகிவிடுவாள்.

பெற்றோர் வைத்த பெயர் அவளுக்கு உண்டு. சம்பளச் சீட்டில் அது இருக்கும். மற்றபடி தொழிலில் எல்லோருக்கும் அவள் அழுகையக்காதான். திரையில் யாராவது செத்து, பக்கத்தில் ஒரு பெண் முகத்தை மூடிக்கொண்டோ முதுகைக் காட்டிக்கொண்டோ கதறினால், பத்துக்கு ஆறு அவள் குரலாக இருக்கும். தாயாக, மாமியாராக, சக்களத்தியாகக்கூட அழுதிருக்கிறாள். "எனக்குத் தொண்டையில பொழப்பு, கண்ணுல இல்ல" என்பாள். அழுது முடித்த கையோடு டீ கேட்பாள்.

இன்றைய காட்சியில் கட்டிலில் தங்கை செத்துக் கிடக்கிறாள். அக்காக்காரி அவள்மேல் விழுந்து அழுகிறாள். முதுகுதான் தெரிகிறது, வாய் தெரியவில்லை. அக்காவாக நடித்த பெண் எங்கிருந்தோ வந்தவள். அவளுக்கு மொழியும் தெரியாது, அழவும் தெரியாது, முதுகு மட்டும் நன்றாகக் குலுங்கும். அந்த முதுகுக்குக் குரல் கொடுக்கத்தான் அழுகையக்கா வந்திருந்தாள். "கண்ணைத் திறடி, அக்கா வந்திருக்கேன்டி" என்று எடுத்தவுடனே இயக்குநர் நிறுத்திவிட்டார்.

முப்பது வயது இருக்கும் அவருக்கு. குரலில் பொறுமையைத் தடவிக்கொண்டு பேசினார். "அம்மா, நீங்க 'அக்கா'ன்னு சொன்னா அது டயலாக் ஆயிடும். டயலாக்னா ஒவ்வொரு நாட்டுலயும் ஒரு ஆளை வச்சுத் திரும்பப் பேசணும். வெறும் அழுகைன்னா அப்படியே போயிடும். உலகம் பூரா ஒரே அழுகை."

"உலகம் பூரா ஒரே அழுகைன்னா, செத்ததும் ஒரே ஆளா சார்?"

இயக்குநருக்குப் பக்கத்தில் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒலிக்கலைஞர் மூக்கைத் தேய்த்துக்கொண்டார். அவர் அழுகையக்காவின் தங்கை புருஷன். சிரிப்பை அடக்க வேண்டுமென்றால் மூக்கைத் தேய்ப்பார். இருபத்தேழு வருஷமாக அவள் அறிந்த கை அது.

வெளிநாட்டுக் கம்பெனிகள் வந்து படங்களை மொத்தமாக வாங்கத் தொடங்கியபோது, கூடவே இந்தச் சட்டமும் வந்தது. படத்தில் இருக்கும் பேச்சையெல்லாம் உருவிவிட்டு, மிச்சச் சத்தத்தைத் தனியாகக் கொடுக்க வேண்டும். காலடிச் சத்தம், கதவுச் சத்தம், மழை, இருமல், அழுகை. அதன்மேல் அந்தந்த நாட்டுக்காரன் தன் பேச்சை ஒட்டிக்கொள்வான். வார்த்தை கலந்திருந்தால் பேச்சு, வெளியே போ. வார்த்தை இல்லாவிட்டால் சத்தம், உள்ளே இரு. அவ்வளவுதான்.

அதற்கப்புறம் கூட்டக் குரலும் போச்சு. முன்பெல்லாம் கடைத்தெருக் காட்சி என்றால் பன்னிரண்டு பேர் மைக்கைச் சுற்றி நின்று நிஜமாகவே பேரம் பேசுவார்கள். "இது தக்காளியா, போன ஜென்மத்துத் தக்காளியா?" என்று ஒருத்தி கேட்பாள். சம்பளம் தராத தயாரிப்பாளரை நடுவே ஒருவர் சந்தடிசாக்கில் திட்டிவிடுவார், அதுவும் படத்தில் போய்விடும். இப்போது பன்னிரண்டு பேரும் "பரபர மொணமொண" என்று எந்த மொழியிலும் சேராத ஒன்றை உளற வேண்டும். போன மாதம் அப்படி உளறிவிட்டு வெளியே வந்ததும், கூட இருந்த தொண்டைக்கட்டு என்ற கிழவர் சொன்னார்: "வயசானா உளறுவேன்னு என் பொண்டாட்டி அப்பவே சொன்னா. சம்பளத்தோட உளறுவேன்னு சொல்லல."

இந்தப் படத்திலேயே முதலில் ஒரு பெரியம்மாவும் ஒரு சித்தியும் இருந்தார்கள். இருவருக்கும் திரையில் கீழே ஆங்கிலத்தில் ஒரே வார்த்தைதான் ஓடுகிறது, பார்க்கிறவனுக்குக் குழப்பம் என்று கம்பெனியிலிருந்து குறிப்பு வந்தது. இருவரையும் கரைத்து ஒரே ஆண்ட்டியாக ஊற்றிவிட்டார்கள். சித்தியாக நடித்த பெண்மணியை வீட்டுக்கு அனுப்பியாயிற்று. அவள் பேச வேண்டிய கோபத்தையெல்லாம் பெரியம்மா பேசுகிறாள். பெரியம்மா பேச வேண்டிய நியாயத்தைப் பேச ஆளில்லை.

"சரி, விடுங்கம்மா," என்றார் இயக்குநர். "சொல்லிப் புரியவைக்க முடியாது. ஒரு சாம்பிள் போடுறேன். அந்த மிருகப் படம் பாத்தீங்களா? போன வருஷம் வந்துச்சே, உலகமே பாத்தது."

"மிருகத்தைப் பாக்கத் தியேட்டருக்கு எதுக்குப் போகணும் சார்? எங்க தெருவுலயே நாலு பேர் இருக்காங்க."

"அதுல தாய் மிருகம், செத்துப்போன குட்டிகிட்ட உக்காந்து ஒரு அழுகை அழும். ஒரு வார்த்தை கிடையாது. தியேட்டரே அழுதுச்சு. நானே அழுதேன். எனக்கு வேண்டியது அதுதான். அதுதான் உலகத் தரம். சார், அதைப் போடுங்க."

ஒலிக்கலைஞரின் கை நகரவில்லை.

"சார்? போடுங்க."

"இல்ல சார், சாம்பிள் எதுக்கு? அண்ணி நல்லாவே பண்ணுவாங்க, ரெண்டு டேக் பொறுங்க..."

"நேத்து நான்தானே குடுத்தேன்? அதோ இருக்கே." இயக்குநர் குனிந்து தானே அழுத்திவிட்டார்.

அழுகையக்காவின் காதில் மாட்டியிருந்த பொறியில் அந்த அழுகை வந்தது. முதலில் ஒரு நீண்ட மூச்சு. அப்புறம் அடிவயிற்றிலிருந்து ஏறி, தொண்டையில் முட்டி, உடைகிற ஒரு சத்தம். அதைக் கொஞ்சம் இழுத்து, கனமாக்கி, மலையடிவாரத்தில் கேட்கிற மாதிரி செய்திருந்தார்கள். நன்றாகத்தான் அழுகிறது இந்த மாடு என்று நினைத்தாள். மூன்றாவது மூச்சில் ஒரு விக்கல். கதவுத் தாழ்ப்பாள் பாதியில் சிக்கின மாதிரி.

அவள் முதுகு நிமிர்ந்தது.

நாலாவது மூச்சின் அடியில், யாரும் கவனிக்காத சன்னமான ஒரு 'டக்'.

கை தானாக மூக்குக்கண்ணாடிக்குப் போனது. இடது காம்பு ஒடிந்து, கறுப்பு நூலால் சுற்றப்பட்ட கண்ணாடி. ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே அறையில், இதோ இந்தக் காகிதத் தாங்கியில் விழுந்து ஒடிந்தது.

தங்கை போய்ப் பத்தாம் நாள் அது. ஆஸ்பத்திரிக் காகிதம், வந்தவர்களுக்குப் பாய் தலையணை, தங்கை மகளின் பரீட்சைக் கட்டணம் என்று ஓடினதில் அழுகையக்கா அழவே இல்லை. ஊருக்கெல்லாம் அழுகிறவள் சொந்தத் தங்கைக்கு ஒரு சொட்டு விடவில்லை பார் என்று உறவு சனம் காதுபடவே பேசிற்று. பத்தாம் நாள் வேலைக்குக் கூப்பிட்டார்கள். ஏதோ ஒரு படம், யாரோ ஒரு பிணம். மைக்கைப் பார்த்ததும் அணை உடைந்தது. "பொடிசு, எந்திரிடி பொடிசு" என்று வீட்டில் கூப்பிடுகிற பெயரைச் சொல்லி, நாலு நிமிஷம் அழுதாள். கண்ணாடி விழுந்ததுகூடத் தெரியவில்லை. அந்தப் படத்து இயக்குநர் எழுந்து நின்று கைதட்டினார். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், பொண்டாட்டியைப் பறிகொடுத்துப் பத்தே நாள் ஆன ஒலிக்கலைஞர் காதுப்பொறியைக் கழற்றிவைத்துவிட்டு வெளியே போனார்.

அந்த அழுகைதான் இது. மூச்சு இருக்கிறது, விக்கல் இருக்கிறது, மூக்குக்கண்ணாடி விழுந்த சத்தம் இருக்கிறது. பொடிசு இல்லை.

"கேட்டீங்களாம்மா?" இயக்குநரின் குரலில் உற்சாகம். "இதான் வேணும். இதுல பாதி வந்தாலும் போதும்."

"சார்," என்றாள் அவள் மெதுவாக. "அந்த மிருகம் மூக்குக்கண்ணாடி போட்டிருந்துச்சா?"

"என்னம்மா?"

"இல்ல, கீழ விழுந்த சத்தம் கேட்டுச்சே. அதான் கேட்டேன்." பிறகு பார்வையைத் திருப்பினாள். "மாப்பிள்ளை, நீங்க சொல்லுங்க. போட்டிருந்துச்சா?"

அவள் காதுப்பொறியைக் கழற்றித் தாங்கியில் மாட்டினாள். கனத்த கதவை இழுத்துத் திறந்து, அந்தப் பக்கத்து அறைக்குள் செருப்புக்கூட இல்லாமல் வந்து நின்றாள். பலகையின்மேல் பாதி தின்ற பிஸ்கட் பொட்டலமும், மூடி காணாமற்போன தண்ணீர் பாட்டிலும் இருந்தன. குளிர் அங்கே எலும்பில் ஏறும்.

"அண்ணி, உக்காருங்க, சொல்றேன்..."

"நின்னுட்டே கேக்கறேன். சொல்லு."

இருபத்தேழு வருஷத்தில் அந்த வாயிலிருந்து அவருக்கு 'நீ' வந்தது அதுதான் முதல் தடவை. அவர் முகம் அடிபட்ட மாதிரி ஆயிற்று.

"அந்தப் படத்தைக் கம்பெனி வாங்கிச்சு அண்ணி. பேச்சில்லாத ட்ராக் ரெண்டு நாள்ல கேட்டாங்க. உங்க அழுகையில வார்த்தை இருந்துச்சு. எடுக்கணும்னாங்க."

"எடுத்தது யாரு?"

அவர் பிஸ்கட் பொட்டலத்தை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"யாருன்னு கேட்டேன்."

"நான்தான்."

"பொடிசுன்னு நான் எத்தனை தடவை சொல்லியிருந்தேன்?"

அவர் விரலால் பலகையின் ஓரத்தைச் சுரண்டினார். "பதினொண்ணு."

"எண்ணி வெட்டியிருக்க."

"நான் வெட்டலைன்னா வேற எவனாவது வெட்டியிருப்பான் அண்ணி."

"ஓ, பழகின கை வெட்டினா வலிக்காதுன்னு நீயே எடுத்துக்கிட்டியா?"

"சத்தத்தையெல்லாம் அவங்க ஒரு களஞ்சியத்துல போட்டு வச்சுக்குவாங்க. மழை ஒண்ணு, மழை ரெண்டு, அந்த மாதிரி. இது 'பெண் அழுகை – ஏழு'. எவனுக்கு வேணும்னாலும் எடுத்துக்கலாம். ஒரு போர்ப் படத்துல வந்துச்சு. ஒரு விளையாட்டுல வந்துச்சு, சின்னப் பசங்க துப்பாக்கியில சுடுற விளையாட்டு. இப்போ மிருகம். நீங்க கையெழுத்துப் போட்ட காகிதத்துல இருந்துச்சு அண்ணி. 'அண்டசராசரம் முழுவதும் உரிமை எங்களுக்கே'னு."

"தங்கச்சி செத்துப் பத்தாம் நாள் வந்தவகிட்ட அண்டசராசரத்துக்கும் சேர்த்துக் கையெழுத்து வாங்கியிருக்காங்க. எரியற வீட்டுல பிடுங்கினது லாபம்! உனக்கு எப்போ தெரியும்?"

"போர்ப் படம் வந்தப்பவே. நாலு வருஷம்."

"நாலு வருஷமா என் வீட்டுல வந்து சோறு தின்னிருக்க."

"அந்தக் கண்ணாடி விழுந்த சத்தத்தை மட்டும் நான் எடுக்கல அண்ணி. எடுத்திருக்கலாம். எங்க கேட்டாலும் அது நீங்கதான்னு தெரியட்டும்னு விட்டேன்."

"யாருக்குத் தெரியட்டும்னு? உனக்கா? நீ ஒருத்தன் இருட்டுல உக்காந்து, ஆகா நம்ம அண்ணின்னு சந்தோஷப்படறதுக்கா? வெட்டினியே பதினொண்ணு, அதெல்லாம் எங்க?"

"என்னது?"

"வார்த்தைங்க. எங்க வச்சிருக்க?"

"பழைய டிஸ்க்கெல்லாம் போன வருஷம் அழிச்சாங்க அண்ணி. இடம் பத்தலைன்னு."

அவள் சிரித்தாள். அது நல்ல சிரிப்பு அல்ல. "அண்டசராசரம் பூரா இடம் இருக்கு. பொடிசுக்கு மட்டும் இடம் பத்தல."

இதுவரை வாயைத் திறந்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த இயக்குநருக்கு அப்போதுதான் பல்பு எரிந்தது. "அம்மா! அந்த அழுகை நீங்களா? அது நீங்களா!"

"நீங்க தியேட்டர்ல அழுதது என் தங்கச்சிக்கு சார். ரொம்ப நன்றி. அவ இருந்திருந்தா டீ போட்டுக் குடுத்திருப்பா."

"சத்தியமா எனக்குத் தெரியாதும்மா. எவ்வளவு பெரிய விஷயம் இது..." அவர் உண்மையாகவே நெகிழ்ந்துபோனார். நெகிழ்ச்சி மூன்று நொடி இருந்தது. "அப்போ இன்னும் ஈசியாச்சே! அதே மாதிரி ஒண்ணு குடுத்துடுங்க. வார்த்தை இல்லாம."

அவள் அவரையே பார்த்தாள்.

"அப்படிப் பாக்காதீங்கம்மா." இயக்குநருக்கும் இப்போது சூடு ஏறிவிட்டது. "என் முதல் படத்துல எல்லாரும் எங்க வீட்டுல பேசுற மாதிரியே பேசினாங்க. சித்தி இருந்தா, பெரியம்மா இருந்தா, எல்லா எழவும் இருந்துச்சு. மூணு நாள் ஓடுச்சு. எங்க தெருக்காரனே வரல. பக்கத்துத் தியேட்டர்ல இந்த மிருகப் படத்துக்கு வரிசையில நின்னான். எங்க அம்மாவும் நின்னாங்க! என்னை மட்டும் குத்தவாளிக் கூண்டுல ஏத்தாதீங்க. நான் உலகத்துக்குப் படம் எடுக்கலைன்னா, எனக்குப் படமே கிடையாது."

அந்தப் பேச்சில் பொய் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது. பொய் சொல்கிறவனை நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம். உண்மையைச் சொல்லிக்கொண்டே கழுத்தில் கத்தி வைக்கிறவனை என்ன செய்வது?

"இன்னிக்கு நான் அழாம வீட்டுக்குப் போனா?"

"களஞ்சியத்துல வாங்கிப் போடுவேன்," என்றார் இயக்குநர், கொஞ்சம் வெட்கத்தோடு. "பெண் அழுகை – ஏழு."

ஆக, போனாலும் அவள்தான். இருந்தாலும் அவள்தான். போனால் அந்தக் கட்டிலில் செத்துக் கிடக்கிற தங்கைக்கு, பொடிசை உருவிப்போட்ட வெறும் தோலைப் போர்த்துவார்கள்.

அவள் இயக்குநரைப் பார்க்காமல், மாப்பிள்ளையைப் பார்த்துக் கேட்டாள். "நீ எங்க வெட்டுவ?"

"அண்ணி?"

"தொழில் கேக்கறேன். வார்த்தையை எந்த இடத்துல வெட்டுவ?"

"மூச்சுல. ஒரு வார்த்தை முடிஞ்சு மூச்சு இழுப்பீங்கள்ல, அந்த இடைவெளியில கத்தி போடுவோம். மூச்சு நிக்கும், வார்த்தை போயிடும்."

"சரி," என்று சொல்லிவிட்டுத் திரும்ப உள்ளே போனாள். கனத்த கதவு அவளுக்குப் பின்னால் உறிஞ்சி மூடியது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தாங்கியில் வைக்காமல், முந்தானையில் முடிந்துகொண்டாள். இந்தத் தடவை எந்த மிருகத்துக்கும் கண்ணாடி கிடையாது. காதுப்பொறியை மாட்டிக்கொண்டு, "ஓடவிடுங்க," என்றாள். இயக்குநர் கட்டைவிரலை உயர்த்தினார்.

திரையில் அந்த முதுகு குலுங்கத் தொடங்கியது.

"பொடிசு ஏன்டி எனக்கு முன்னாடி போன எந்த வரிசையில நின்னாலும் எனக்கு முன்னாடி போய் நிக்கிற கழுதைதான்டி நீ ஆனா இதுலயுமாடி முந்திக்குவ..."

மூச்சு தீர்ந்தது. அவள் நிறுத்தவில்லை. மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே பேசினாள், அடிவாங்கின குழந்தை ஏங்கி ஏங்கிச் சொல்கிற மாதிரி. போகிற மூச்சிலும் வார்த்தை, வருகிற மூச்சிலும் வார்த்தை. விக்கல் வந்தது. அந்த விக்கலின் மேலேயே 'பொடிசு' என்ற பெயரை ஏற்றினாள்.

"...உனக்கு நான் ஒரு தடவைதான்டி அழுதேன் அதையும் தூக்கி மாட்டுக்குப் போட்டுட்டாங்கடி உன் பேரைப் பதினொரு தடவை கூப்பிட்டேன் பதினொண்ணையும் வெட்டிப் போட்டது யாருன்னு கேளுடி உன் தலைமாட்டுல மாத்திரை எடுத்துக் குடுத்த கைதான்டி உலகத்துக்கே புரியணுமாம்டி அதனால உன் பேரு வேண்டாமாம் நான் உன் அக்கான்னு சொல்லக்கூடாதாம் நான் யாருடி பொடிசு நான் உனக்கு யாருடி..."

அந்தப் பக்கம் ஒலிக்கலைஞரின் திரையில் எப்போதும் அழுகை மலையும் பள்ளமுமாக ஓடும். பள்ளத்தில்தான் கத்தி. இப்போது ஒரே மலையாக ஓடிக்கொண்டிருந்தது. முப்பது நொடியிலேயே அவருக்கு விளங்கிவிட்டது. அவர் மூக்கைத் தேய்த்தார், ஆனால் சிரிப்பு வரவில்லை.

நாலு நிமிஷம். முதுகு குலுங்குவது நின்று, காட்சி மாறி, யாரோ ஒரு கார்க் கதவைத் திறக்கிற வரைக்கும் அவள் விடவில்லை. பிறகு வாயை மூடினாள். அறை கும்மென்று அடங்கிற்று.

பொத்தான் விளக்கு எரிந்தது. இயக்குநருக்குக் கண் கலங்கியிருந்தது. "அம்மா... கொன்னுட்டீங்கம்மா. மிருகமெல்லாம் பிச்சை வாங்கணும். இதுதான், இதுதான் எனக்கு வேணும்." மூக்கை உறிஞ்சிக்கொண்டு பக்கத்தில் திரும்பினார். பொத்தானை விட மறந்துவிட்டதால் அவர் சொன்னது அவளுக்கும் கேட்டது. "சார், வார்த்தையை மட்டும் எடுத்துட்டு மிச்சத்தைக் குடுத்துடுங்க. சாயங்காலத்துக்குள்ள அனுப்பணும்."

ஒலிக்கலைஞரின் கை சுட்டியின்மேல் போய் உட்கார்ந்தது. மலையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் அம்பைத் தள்ளிக்கொண்டு போனார். திரும்ப வந்தார். எங்கேயும் நிறுத்த இடம் கிடைக்கவில்லை.

"சார்? எடுங்க."

இயக்குநர் கை எடுத்ததும் பொத்தான் விளக்கு அணைந்தது. இப்போது அவள் பேசினால் அங்கே கேட்கும். அழுகையக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்து, மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்து, நூல் சுற்றின காம்பைக் காதில் பொருத்திக்கொண்டு, சுட்டியின்மேல் இருந்த கையை நன்றாகப் பார்க்கும்படி கண்ணாடிச் சுவருக்கு அருகில் வந்தாள்.

"வெட்டு மாப்பிள்ளை, பாத்துட்டு நிக்கறேன். முதல்ல எந்தப் பொடிசுல கை வைக்கப்போற?"